குரூப் 4 படிப்புக்கு ஆன்கி: தினம் அரை மணி நேரம்தான் என்றால்

வேலைக்குப் போய்க்கொண்டே டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஆன்கி செயலி உதவும். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் என்று நாம் எழுதும் அட்டைகளை, மறக்கும் நேரம் பார்த்து அது திரும்பத் திரும்பக் காட்டும். ஆனால் நிறுவியபடியே விட்டால் இரண்டே மாதத்தில் வெறுத்துப்போகும். ஆண்ட்ராய்டில் ஆன்கிட்ராய்டு இலவசம். ஐபோனில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

முதல் வேலை, நாளுக்கு 20 புதிய அட்டை என்றிருப்பதை 8 ஆக்குவது. பழைய அட்டைகள் சுற்றிச் சுற்றி வருவதால், போகப் போகப் புதியவற்றைப்போல் எட்டு, பத்து மடங்கு மறுபார்வை தினமும் சேரும். 20 வைத்தவருக்கு அது 200-ஐத் தொடும். 8 என்றால் 80-க்குள் நிற்கும். அட்டைக்கு 10 நொடி போட்டாலும் பஸ் பயணத்திலேயே முடிந்துவிடும். மிச்சமுள்ள கால் மணி நேரம் பாடப்புத்தகம் வாசித்து அட்டை எழுத.

அட்டை எழுதுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'ஐங்குறுநூற்றின் ஆசிரியர்கள் யார்?' என்று ஒரே அட்டையில் ஐவரையும் அடைத்தால், நாலு பேர் நினைவிருந்தாலும் அது தப்புதான், மறுபடி முதலிலிருந்து. 'ஐங்குறுநூறு, நெய்தல்: பாடியவர்?' பின்பக்கம் 'அம்மூவனார்'. இப்படி ஐந்து அட்டை போடுங்கள். ஓதலாந்தையாரும் ஓரம்போகியாரும் அப்போதும் குழம்புவார்கள். அதற்கு ஐவரையும் கோத்துச் சொல்லும் பழைய வெண்பா இருக்கிறது, அதை மனப்பாடம் செய்வதே மேல்.

அடுத்தவர் செய்த அட்டைக்கட்டு வேண்டாம். வாசிக்காத பாடத்தின் அட்டை மண்டையில் ஏறாது. போதாததற்கு, 2018-இலிருந்து பாடநூல்கள் மாறிவிட்டன. பழைய கட்டுகளில் பழைய பாடம்தான் இருக்கும்.

பதிலைப் பார்த்ததும் வரும் பொத்தான்களில், மறந்துபோனால் 'அகைன்' அழுத்த வேண்டும். 'ஹார்ட்' என்பது சிரமப்பட்டு நினைவுக்கு வந்ததற்கு. மறந்ததற்கும் கூச்சப்பட்டு 'ஹார்ட்' அழுத்தினால், தெரியாத அட்டையைத் தெரிந்ததாக எண்ணிச் செயலி தள்ளிப்போட்டுவிடும்.

கல்யாணம், காய்ச்சல் என்று பத்து நாள் விட்டுப்போனால் 400, 500 அட்டை குவிந்து நிற்கும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்க்கப் பார்க்காதீர்கள். புதிய அட்டையை 0 ஆக்கி, தினம் 100 வீதம் கழித்தால் இரண்டு வாரத்தில் வழிக்கு வரும்.

தேர்வின் 200 கேள்வியில் 25 கணக்கும் நுண்ணறிவும். அங்கே ஆன்கிக்கு வேலையில்லை. தனிவட்டியும் மீ.சி.ம.வும் (மீச்சிறு பொது மடங்கு) பேனா பிடித்துப் போட்டுப் பார்த்தால்தான் வரும். ஞாயிறு ஒரு மணி நேரம் அதற்கே தனியாக ஒதுக்குங்கள்.

ஒன்று விட்டுப்போச்சு: ஆன்கியின் இணையச் சேமிப்பான ஆன்கிவெப்பில் கணக்கு தொடங்கி வாரம் ஒருமுறையாவது சிங்க் செய்யுங்கள். சிங்க் செய்யாமல் போன் தொலைந்தால் அட்டைகளும் கூடவே போய்விடும்.