மார்கழி மழையில் தெற்கே குடும்பப் பயணம்: மதுரை வழியா, கடலோர வழியா?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி பூட்டும் வாரமும், வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகும் வாரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்து குழந்தைகளோடு காரில் தெற்கே கிளம்புபவர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, தொப்பூர் கணவாயில் இறங்கி சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை என்று 44-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துக் கன்னியாகுமரி வரை போவது. மற்றது, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாகப் புதுச்சேரியில் கடலைத் தொட்டு, சிதம்பரம், நாகப்பட்டினம் என்று கரையோரமாக ராமேஸ்வரம் வரை இறங்குவது. நாங்கள் மதுரை வழிக்காரர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கொடைக்கானல், ஊட்டி என்று மூன்றாவதாக ஒரு யோசனை எல்லா வீட்டிலும் எழும். இ-பாஸ் எடுக்க வேண்டும், வளைவில் குழந்தைகள் வாந்தி எடுப்பார்கள். அதையெல்லாம் கடந்து மேலே போனால், மேகம் இறங்கிய நாளில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. இந்தப் பருவத்துக்கு அது வேண்டாம்.

தூரக் கணக்கு சுருக்கமாக: தருமபுரியிலிருந்து மதுரை சுமார் 300 கி.மீ., கன்னியாகுமரி 540-ஐ ஒட்டி. கிருஷ்ணகிரிக்காரர்கள் இதோடு 45 சேர்த்துக்கொள்ளலாம். கிருஷ்ணகிரியிலிருந்து கடலோரமாகவே ராமேஸ்வரம் போனால் 600-ஐ ஒட்டி வரும். ராமேஸ்வரம்தான் நோக்கம் என்றால் தருமபுரியிலிருந்து மதுரை வழியாக 470-இல் முடிந்துவிடும். சுங்கம் மதுரை வழியில்தான் அதிகம்: பாளையம், ராசாம்பாளையம், வேலஞ்செட்டியூர், கொடைரோடு, கப்பலூர் என்று வரிசையாகக் கழியும். 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வைத்திருப்பவர்களுக்கு 200 கடப்புகள் உண்டு. கன்னியாகுமரி போய்த் திரும்பினாலும் அதில் இருபதைத் தாண்டாது.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. டிசம்பர் மழை என்றதும் புயலையும் வெள்ளத்தையும் நினைத்துப் பயப்படுகிறோம். அப்படி ஒரு நாள் வந்தால் முடிவு எளிது, கிளம்பவே கூடாது. ஆனால் விடுமுறையைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த மழை இல்லை. மூன்று நாளாக மூடிக் கிடக்கும் வானம், மணிக்கொரு தரம் வந்து போகும் தூறல், காயாத துணி, அறைக்குள் செல்பேசியோடு சுருண்டு கிடக்கும் பிள்ளைகள், 'இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்' என்று மூன்றாம் நாள் காலையில் எழும் கேள்வி. ஆகவே பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு நாள் முழுக்கத் தூறினால், அந்த ஊரில் கூரைக்கு அடியில் எத்தனை மணி நேரம் உருப்படியாகப் போகும்?

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் கடலோர வழி சீக்கிரமே வெளுத்துவிடுகிறது. புதுச்சேரியில் அழகே தெருவில் நடப்பதும் கடற்கரையில் உட்காருவதும்தான். அருங்காட்சியகத்தில் ஒன்றரை மணி நேரம் போகும். அதற்குப் பிறகு காபிக் கடைதான், அதுவும் புத்தாண்டு வாரக் கூட்டத்தில். பிச்சாவரத்தில் காற்று எழுந்தாலோ மழை வலுத்தாலோ படகை நிறுத்திவிடுவார்கள். தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைச் சுற்றிவர ஒரு மணி நேரம் போதும். சிதம்பரம் கோயில் நல்ல கூரைதான், ஆனால் மார்கழித் திருவாதிரையை ஒட்டிப் போனால் உள்ளே காலை வைக்க இடம் இருக்காது. கடைசியில் ராமேஸ்வரம். அங்கே மட்டும் மழையால் ஒன்றும் குறையாது. மூன்றாம் பிராகாரம் முழுக்கக் கூரை, 22 தீர்த்தத்திலும் குளித்து எழுந்தவனுக்கு மேலே தூறினால் என்ன, தூறாவிட்டால் என்ன? ஆனால் பிள்ளைகள் கேட்பது தனுஷ்கோடி. கடல் கொந்தளித்தால் அரிச்சல்முனைச் சாலையில் வண்டியை விடமாட்டார்கள்.

மதுரைக்கு வருவோம். மீனாட்சியம்மன் கோயிலில் வரிசை, பிராகாரம், பொற்றாமரைக் குளத்துத் தாழ்வாரம், ஆயிரங்கால் மண்டபம் என்று நான்கு மணி நேரம் நனையாமல் போகும். திருமலை நாயக்கர் மகாலில் நடு முற்றத்தை விட்டால் மற்றதெல்லாம் தூண் வரிசைக்குள்தான். தமுக்கத்தில் இருக்கும் காந்தி அருங்காட்சியகம் ராணி மங்கம்மாள் அரண்மனைக் கட்டடம். 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் ஊருக்கு வெளியே 12 கி.மீ.யில் இருக்கிறது. அதே ஆண்டு திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. இரண்டு நாள் விடாமல் மழை கொட்டினாலும் பிள்ளைகளின் தலை நனையாமல் நாளை ஓட்டிவிடலாம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. புதிதாகப் போகிறவர்கள் அதில்தான் விழுகிறார்கள். கோயில்கள் பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறக்க நான்கு மணி ஆகும். காலை முழுக்க அறையில் சோம்பிவிட்டுப் பதினொன்றரைக்குக் கோயில் வாசலில் நின்றால், மழைக்கும் பூட்டிய கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். மார்கழியில் திருப்பள்ளியெழுச்சிக்காக வழக்கத்தை விட முன்னதாகவே நடை திறக்கும், அந்த நேரத்தைப் பிடியுங்கள். காலை கோயில், பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை அருங்காட்சியகமோ நூலகமோ, மாலை மகால் அல்லது கடைத்தெரு. இந்த வரிசை மாறாமல் இருந்தால் மழை ஒரு பொருட்டே இல்லை. அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறையும் அரசு விடுமுறையும் இருப்பதால் முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்பேசி கொண்டுபோக முடியாது. அதை வைக்க ஒரு வரிசை, எடுக்க ஒரு வரிசை என்று அரை மணி நேரம் போகும். ஐயப்ப பக்தர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கும் மாதம் இது. மண்டல பூஜை டிசம்பர் 26, 27 வாக்கில் முடியும். அதற்குப் பிறகு கூட்டம் இரண்டு மூன்று நாள் தணிந்து, மகரவிளக்கை நோக்கி மீண்டும் ஏறும்.

தெற்கே இன்னும் இறங்கினாலும் இதே நிலைதான். திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயில். நாகர்கோவில் பக்கம் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில், தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை. மரத்தால் கட்டிய அந்த அரண்மனை மழையில்தான் இன்னும் அழகு. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் இருப்பது, திங்கட்கிழமை விடுமுறை. கன்னியாகுமரிதான் இந்த வழியின் பலவீனமான இடம். சூரியோதயம் மேகத்துக்குப் பின்னால் போய்விடும். கடல் சீற்றம் இருந்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு போகாது. படகு நின்றால் 2024 டிசம்பர் 30-இல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் கரையிலிருந்து பார்ப்பதோடு சரி. அதனால் அங்கே கடல் தெரியும் அறைக்கென்று கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள். நாகர்கோவிலில் தங்கினால் 20 கி.மீ. தான். விடியற்காலையில் மொட்டை மாடியில் ஏறிக் கிழக்கே பார்த்து, வானம் வெளுத்திருந்தால் மட்டும் கிளம்பலாம்.

மதுரையை முதல் நாள் நிறுத்தமாக வைக்க இன்னொரு காரணமும் உண்டு. அங்கிருந்து கன்னியாகுமரி 240, ராமேஸ்வரம் 170, வீடு 300 கி.மீ. இரண்டாம் நாள் மாலை வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட வாரி எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யலாம். அந்த அறிக்கையில் 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., 'மிக கனமழை' 12 முதல் 20, அதற்கு மேலே 'அதி கனமழை'. 'லேசானது முதல் மிதமான மழை' என்றால் தயங்காமல் போகலாம். கனமழை என்றால் ஒரு நாள் தள்ளிப் போடலாம். மிக கனமழை என்றால் வண்டியை வடக்கே திருப்புங்கள். அதனால் மதுரைக்குத் தெற்கே அறை போடும்போது, பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்துப் போட வேண்டும். கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

உள்நாட்டு வழி என்பதால் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணிக் கரையே மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 செ.மீ. பதிவானது. கடலை விட்டு விலகி இருப்பதும் காப்பு ஆகாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு, கடலே இல்லாத நம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதைப் பார்த்தோம். கடலோர வழியின் முதல் 50 கி.மீ.யில் இருக்கிற ஊர் அது.

கடலோர வழியை முழுக்கத் தள்ளிவிடவும் மனமில்லை. கிருஷ்ணகிரிக்காரர்கள் தொப்பூர் இறக்கத்தைத் தவிர்த்துவிடலாம். கோடியக்கரையில் பறவைகள் வந்து இறங்கியிருக்கும் காலமும் இதுதான். பறவை பார்க்கிற வீடு என்றால் நாங்கள் சொன்ன கணக்கு முழுக்க மாறும். ஆனால் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, தொண்டி என்று போகும் பகுதியில் குடும்பத்தோடு தங்கத் தோதான விடுதி நினைத்த இடத்தில் கிடைக்காது. டெல்டாவில் வயலெல்லாம் தண்ணீர் நிற்பதால் ஆடும் மாடும் காய்ந்த இடம் தேடித் தார்ச்சாலையில் வந்து படுத்துவிடும். ஈரச் சாலையில், எதிர் விளக்குக் கண்ணைக் கூசும்போது, கறுத்த எருமை கடைசி நொடி வரை தெரியாது. அந்தப் பகுதியைப் பகலில் கடப்பதற்கு மட்டுமே நாங்கள் உறுதி சொல்ல முடியும். இரவு ஓட்டம் வேண்டவே வேண்டாம்.

மதுரை வழியில் கவனம் வேண்டிய இடம் தொப்பூர் கணவாய். தருமபுரியிலிருந்து சேலம் போகும் திசைதான் இறக்கம். அங்கே பயம் உங்கள் வண்டியால் இல்லை, பின்னால் வரும் பாரலாரியால். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, இரட்டைப் பாலத்தை நெருங்கும்போது பிடிப்பு விட்டுப்போகும். பாரலாரிக்கு முன்னால் ஒட்டி ஓட்டாதீர்கள். முன்னே விடுங்கள் அல்லது நன்றாக விலகிப் போங்கள். நீங்கள் மூன்றாவது கியரிலேயே இறங்குங்கள், மழையில் இரண்டாவது. பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புவதுதான் நம் பக்கத்து வழக்கம். ஆனால் மார்கழிப் பனிமூட்டமும், இரவெல்லாம் கண்விழித்து வண்டி ஓட்டும் பக்தர் வேன்களும் சேரும் நேரம் அது. ஆறரைக்குக் கிளம்பினாலும் பகல் ஒரு மணிக்குள் மதுரை வந்துவிடும். திண்டுக்கல்லைச் சுற்றிப் பழனி பாதயாத்திரைக்காரர்கள் சாலையோரமாக நடந்து வருவார்கள். அங்கே இடது ஓரத்தை ஒட்டி ஓட்டக்கூடாது.

வண்டியில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். வெயில் காலம் முழுக்கக் காய்ந்த வைப்பர் ரப்பர் மழையில் கோடு விடும், கிளம்பும் முன் புது ரப்பர் போடுங்கள். லாரி தெளிக்கும் சேறு எண்ணெய்ப் பசையோடு இருப்பதால் வெறும் தண்ணீருக்குப் போகாது, வாஷர் தொட்டியில் அதற்கென்று விற்கும் திரவம் ஊற்ற வேண்டும். டயர் தடம் 1.6 மி.மீ. என்பது சட்டம் சொல்லும் கடைசி எல்லை. நிற்கும் தண்ணீரை ஒதுக்க 3 மி.மீ.யாவது வேண்டும். தேய்ந்த டயரோடு 90-இல் போனால் வண்டி நீர்மேல் மிதக்கும், பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கட்டுப்படாது. அப்படி ஆனால் ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். உள்ளே ஐந்து பேர் ஈரத் துணியோடு இருந்தால் கண்ணாடி உடனே மங்கும். ஏசியைப் போட்டு, காற்றை வெளியிலிருந்து எடுக்கும் நிலைக்கு மாற்றி, முன்கண்ணாடிப் பக்கம் திருப்பினால் அரை நிமிடத்தில் தெளியும். மழையில் ஓடும்போது நான்கு பக்கமும் சிமிட்டும் விளக்கைப் போடுவது தவறு. பின்னால் வருபவருக்கு நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று தெரியாமல் போகும்.

துணிக்கு: ஆளுக்கு இரண்டு ஜோடி கூடுதலாக, ஜீன்ஸ் ஒன்றுகூட வேண்டாம், அது இரண்டு நாளானாலும் காயாது. டிக்கியில் பழைய செய்தித்தாள் ஒரு கட்டு இருந்தால் நனைந்த ஷூவுக்குள் திணிக்கலாம், மிதியடிக்கு மேலே விரிக்கலாம். கோயில் கருங்கல் தளம் ஈரமானால் வழுக்கும், பெரியவர்களைக் கைப்பிடித்தே நடத்துங்கள். தின்பண்டத்துக்கு இந்த வழியில் குறைவே இல்லை. சாத்தூர் சேவும் கோவில்பட்டி கடலை மிட்டாயும் டப்பாவில் அடைத்தால்தான் நமுக்காமல் வீடு வந்து சேரும். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவை மட்டும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

திரும்பும் நாள் ஜனவரி 1 அல்லது ஞாயிறாக இருந்தால் பெங்களூருக்குப் போகும் கூட்டம் முழுக்க உங்களோடு சேர்ந்தே வரும். காலை ஏழு மணிக்குள் மதுரையை விட்டுவிடுங்கள். சேலத்தைப் பகல் பன்னிரண்டுக்குள் தாண்டினால், தொப்பூர் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊராமல் மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே சாப்பிடலாம்.