கூண்டுக்கடியில் யாரை விடுவது: குளவியா, வண்டா, பிளாக் சோல்ஜர் ஈயா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் லேயர் (முட்டைக்கோழி) கூண்டு போட்டவர்களுக்கு ஐப்பசி மழை பிடித்ததும்தான் ஈ பெரும் தலைவலி. புது எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். அது பாதிக்குக் கீழே காய்ந்தால் ஈப்புழு தள்ளாடும். கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகினால், அதை மாற்றாமல் எந்தப் பூச்சியை வாங்கினாலும் காசுக்குக் கேடு.

குளவி எறும்பளவுதான், ஆளைக் கொட்டாது. ஈயின் கூட்டுப்புழுவைத் துளைத்து முட்டையிடும். இதில் இரண்டு வகை: மஸ்கிடிஃபுராக்ஸ் மேலாகத் தேடும், ஸ்பலாங்கியா எருவுக்குள் இறங்கும். இரண்டையும் கலந்து விடுவதே நல்லது. சிக்கல் நாள் கணக்கில். வெப்பத்தில் ஈ முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள். குளவிக்கு ஏறக்குறைய 3 வாரம். ஒருதரம் விட்டு ஓய்ந்தால் ஈ முந்திவிடும். புரட்டாசியிலேயே தொடங்கி வாராவாரம் விட வேண்டும்.

ஹிஸ்டர் வண்டுக்குச் செலவே இல்லை. கறுப்புப் பாசிமணி போல உருண்டு பளபளக்கும், 3 மி.மீ.க்குள் இருக்கும். ஈ முட்டையையும் முட்டையிலிருந்து வந்த குஞ்சுப்புழுவையும் தின்னும். பழைய, உலர்ந்த எருவில் தானாக வந்து பெருகும். கெடுப்பது நாம்தான்: மொத்தமாக அள்ளுகிறோம், எருமேலேயே மருந்தடிக்கிறோம். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக அள்ளுங்கள், அடியில் அரையடி விடுங்கள். மீதி வரிசைகளுக்கு 3 வாரம் பொறுங்கள். மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் ஈ உட்காரும் சுவர், கம்பங்களோடு நிறுத்துங்கள். நீண்டு, 6 மி.மீ. வரும் கருவண்டு வேறு சாதி. தெர்மாகோலைக் குடையும், நோய்க்கிருமியையும் சுமக்கும்.

பிளாக் சோல்ஜர் ஈ வீட்டு ஈயல்ல, வேறு சாதி. அதன் புழு மொய்த்த எருவில் வீட்டு ஈ முட்டையிடத் தயங்கும், எருவும் பாதியாகக் குறையும். ஆனால் கூண்டுக்கடியில் எருவைக் கூழாக்கிவிடும். மண்வெட்டிக்கு அகப்படாது, வண்டுக்கும் அங்கே வாழ்வில்லை. தனித்தொட்டி கட்ட இடம் இருப்பவர்களுக்கே அது.

எங்கள் தேர்வு வண்டு. குளவி துணைக்கு, அதுவும் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு. எருவின் ஓரத்து உலர்ந்த பகுதியில் கோதுமை மணி போன்ற செம்பழுப்புக் கூட்டுப்புழு நூறு பொறுக்கி, பாட்டிலில் போட்டு, வாயை நெருக்கமான துணியால் கட்டி, 4 வாரம் நிழலில் வையுங்கள். கூட்டின் நுனி மூடிபோல் திறந்திருந்தால் ஈ வெளியேறியிருக்கிறது. ஊசி குத்தியது போல் வட்டத்துளை இருந்தால் குளவி.