டிரவுட் ஆற்றுக்குச் சரளை கொட்டுவதா, மரம் கிடத்துவதா?

தென் இங்கிலாந்தின் சுண்ணப்பாறை ஆறுகளில் பழுப்பு டிரவுட் மீன் குறைந்துபோனால் செய்ய மூன்று வேலைகள் உண்டு: பண்ணை மீனை வாங்கி விடலாம், சரளை கொட்டலாம், மரத்தை ஆற்றுக்குள் கிடத்தலாம். முதலாவதை நீட்டிப் பேச வேண்டியதில்லை. தானாக மீன் பெருகும் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதை அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் 1974-லேயே நிறுத்திவிட்டது. வெளி மீன் வருவது நின்றதும், அந்த ஆற்றிலேயே பிறந்த மீன் கூடியது.

சரளைக்கு வலுவான நியாயம் இருக்கிறது. டிரவுட் குளிர்காலத்தில் வாலால் கல்லைத் தோண்டித்தான் முட்டையைப் புதைக்கும். அதற்கு 10 முதல் 50 மி.மீ. வரை கலந்த கழுவிய சரளை, 30 செ.மீ. கனத்தில் வேண்டும். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்றால் 15 கன மீட்டர். ஏறக்குறைய 25 டன். லாரி வாடகையும், சேற்றுக் கரையில் ஓடும் இயந்திரமும் தனிச் செலவு.

இத்தனையும் செய்தாலும் பராமரிப்பில்தான் சரளை தோற்கிறது. தூர்வாரி அகலமாக்கப்பட்ட ஆற்றில் நீர் மெதுவாகப் போகும்; வண்டல் கல்லிடுக்கில் இறங்கும்; முட்டைக்கு ஆக்சிஜன் போகாது. பூட்ஸால் கல்லைக் கிளறிப் பாருங்கள். பால் கலந்ததுபோல் நீர் கலங்கினால் அது முட்டைக்கு உதவாது. பிறகு ஆண்டுதோறும் செப்டம்பரில் பம்பு வைத்துப் பீச்சிக் கழுவ வேண்டும். முட்டையிட்ட பிறகு கழுவினால், கலங்கிய சேறு கீழே உள்ள முட்டைகளின் மேல் போய்ப் படியும்.

மரம் அந்தக் கழுவும் வேலையை ஆற்றிடமே விடுகிறது. ஓட்டத்தை ஒடுக்கினால் நடுவில் வேகம் கூடி வண்டல் அரித்துப்போகும்; மரத்தின் பின்னால் அது படிந்து கரையாகும். கிளைகளுக்கு அடியில் குஞ்சு ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கிறது. சரளை இதைத் தராது.

எல்லாம் கோணத்தில் இருக்கிறது. ஒரு முனையைக் கரையில் புதைத்து ஆற்றுக்குள் நீட்டிய கட்டையைத் தாண்டி வழியும் நீர், கட்டைக்குச் செங்குத்தாகவே விழும். எனவே கட்டையின் நுனி நீர் வரும் திசையை நோக்கிச் சாய்ந்திருந்தால் வெள்ளம் நடு ஆற்றுக்குப் போகும். நீர் போகும் திசைக்குச் சாய்ந்திருந்தால் கரையைக் குடையும். இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது. கட்டையின் மூன்றில் ஒரு பங்கைக் கரைக்குள் புதையுங்கள். மேல்விளிம்பு கோடைக்கால நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே நிற்கட்டும். உயரமாக வைத்தால் வெள்ளம் பின்புறமாக வழி வெட்டிக்கொள்ளும். துளையிட்டு 16 மி.மீ. முறுக்குக் கம்பியை ஆற்றடியில் இறக்கி, மேல்முனையை வளைத்து மரத்தோடு அடித்துவிடுங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் ஆற்றில் இறங்குகிறவர் காலைக் கிழிக்கும்.

கரையிலேயே வில்லோ மரம் நின்றால் இன்னும் எளிது. அடியில் முக்கால் பங்கு அறுத்து, மரப்பட்டையோடு ஒரு கீற்று மரத்தை அறுக்காமல் விட்டு, நீர் போகும் பக்கமாகக் கரையை ஒட்டிச் சாயுங்கள். மரம் உயிரோடு இருக்கும், தளிர்க்கும். கட்டையைப் போல் நீரைத் தடுக்காமல் கிளைகளால் வடிகட்டுவதால் இந்தச் சாய்வு கரையைக் குடையாது. ஆல்டர் மரம் இதற்கு ஆகாது, படக்கென்று ஒடியும். அதை முழுதாக வெட்டி, அடிக்கட்டையோடு ஒயர் ரோப்பால் கட்டிவிட வேண்டும். எப்போதும் மூழ்கியே கிடந்தால் ஆல்டர் நெடுநாள் தாங்கும்; நனைந்து காய்ந்துகொண்டிருந்தால் மட்கும். வெள்ளம் வடிந்ததும் கட்டுகளைச் சரிபார்ப்பது மட்டுமே மிச்சமிருக்கும் வேலை.

அனுமதி இரண்டுக்குமே தேவை. இங்கிலாந்தின் பெரிய ஆறுகளில் சுற்றுச்சூழல் முகமையிடம் விண்ணப்பித்தாக வேண்டும். கீழே பாலமோ வீடுகளோ அருகில் இருந்தால் முழு மரத்தைக் கட்டிவைக்க நான் சொல்லமாட்டேன். மலையிலிருந்து பாய்ந்து இறங்கும் ஆறுகளுக்கும் இந்த அளவுகளை அப்படியே பொருத்தக் கூடாது. அங்கே வெள்ளத்தின் விசையே வேறு.

களிமண் தெரியுமளவுக்குத் தூர்வாரிய இடத்தில் அரித்துத் துலக்கக் கல்லே இருக்காது. அங்கே சரளை வாங்கித்தான் ஆக வேண்டும். அப்போதும் முதலில் மரத்தைக் கிடத்துங்கள். ஒரு குளிர்காலம் போகட்டும். நீர் எங்கே வேகம் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு, அந்த இடத்துக்கு மட்டும் லாரியை வரவழையுங்கள்.