பழைய புல்லட்டைப் புதுப்பிக்கக் கொடுப்பவர்களுக்கு: கழற்றிய சாமானை விடாதீர்கள்

பழைய புல்லட், ஜாவா, ராஜ்தூத் என்று எதையாவது ரெஸ்டோர் செய்யக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். 1,62,000 ரூபாயும் 14 மாதமும் போனதுகூட எனக்குப் பெரிதில்லை. அப்பா ஓட்டிய இன்ஜினின் சிலிண்டர் பிளாக், அதாவது பிஸ்டன் உள்ளே ஏறி இறங்கும் இரும்புக் கூடு, போய்விட்டது. அது திரும்பக் கிடைக்குமா என்று தெரியவில்லை.

வண்டி 1979 மாடல் புல்லட் 350. அப்பா மின்வாரியத்தில் இருந்தவர். விராலிமலை, மணப்பாறைப் பக்கம் லைன் பார்க்கப் போனதெல்லாம் இந்த வண்டியில்தான். 2008இல் முட்டி வலி வந்த பிறகு கிக்கர் உதைக்க முடியாமல் மாட்டுக்கொட்டகையில் நிறுத்தினார். 2021இல் அப்பா தவறிவிட்டார். எப்படியாவது வண்டியை ஓட வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அம்மாவுக்கு என்னைவிட அதிகம்.

நான் வேலை பார்ப்பது திருச்சியில். இணையத்தில் வீடியோ பார்த்துத்தான் அந்த ஷெட்டைக் கண்டுபிடித்தேன். ஒரு பெரிய நகரத்தின் பைபாஸ் ஓரம் இருக்கிறது. பெயர் சொல்லவில்லை, நுகர்வோர் ஆணையத்தில் மனு நிலுவையில் இருக்கிறது. பளபளவென்று வரிசையாக நிற்கும் வண்டிகள், வாடிக்கையாளர்கள் கண்கலங்குகிற வீடியோக்கள். நம்பிவிட்டேன். 2023 பிப்ரவரியில் குட்டி யானையில் வண்டியை ஏற்றி அனுப்பினேன். 85,000 ரூபாய், மூன்று மாதம் என்று பேச்சு. அட்வான்ஸ் 40,000. எல்லாம் போனிலும் வாட்ஸ்அப்பிலும்தான். என்னென்ன வேலை, எவ்வளவு என்று எழுதித் தரும் ஜாப் கார்டு கேட்டேன். "நம்மகிட்ட அதெல்லாம் எதுக்கு சார், குடும்பம் மாதிரி" என்றார் ஷெட்காரர். அந்த இடத்திலேயே நான் வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும்.

அப்புறம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். பிரித்துப் போட்ட பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கிராங்க் வேலை இருக்கிறது, கியர்பாக்ஸில் பல் தேய்ந்திருக்கிறது, குரோம் பிளேட்டிங் விலை ஏறிவிட்டது. வண்டி நானூறு துண்டாகக் கிடக்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பணம் போட்டுக்கொண்டே இருந்தேன்.

நடுவில் 15,000 ரூபாய் தனியாக வாங்கினார். வின்டேஜ் நம்பர் எடுத்துத் தருகிறேன், மத்திய அரசு புதிதாகக் கொண்டுவந்திருக்கிறது என்றார். அப்படி ஒரு விதி இருப்பது உண்மைதான். 2021இல் வந்தது. நம்பரில் விஏ என்ற எழுத்துகள் வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000, பத்து வருடம் செல்லும். ஆனால் 50 வருடத்துக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு மட்டும்தான். 1979 வண்டிக்கு 2029இல்தான் 50 வயது. எனக்கு இது தெரியாது. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

2024 ஏப்ரலில் வண்டி ஊருக்கு வந்து இறங்கியது. பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. கறுப்பு டேங்க், தங்கக் கோடு, கண்ணாடி மாதிரி சைலன்சர். தெருவே கூடிவிட்டது. அம்மா மட்டும் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் குனிந்து இன்ஜினின் வலப்பக்கம் கை வைத்தார்.

"அந்த ஒடஞ்ச எடம் எங்கடா?"

எனக்கு முதலில் புரியவில்லை. 1984இல் விராலிமலைக்கு முருகனைப் பார்க்கப் போகும்போது ஒரு பாலத்தடியில் அப்பாவும் அம்மாவும் விழுந்திருக்கிறார்கள். கல்லில் இடித்து, பிளாக்கைச் சுற்றிச் சூடு தணிய இருக்கும் தகடுகளில், அதாவது ஃபின்களில், மேலிருந்து மூன்றாவது ஒரு ஓரமாகப் பெயர்ந்துவிட்டது. ஒரு கட்டைவிரல் அகலம். வண்டி ஓடிய வரைக்கும், இருபத்துநாலு வருடம், அம்மா அந்த உடைசலைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஏறி உட்கார்ந்திருக்கிறார். இப்போது ஃபின் எல்லாம் முழுசாக இருந்தன.

"வெல்டிங் வச்சு சரி பண்ணியிருப்பாங்கம்மா" என்றேன். ஷெட்காரருக்கும் போன் போட்டேன். "ஆமா சார், ஃபின் பில்ட்-அப் பண்ணிட்டோம், எக்ஸ்ட்ராவா சார்ஜ்கூட பண்ணல" என்றார். நன்றி வேறு சொன்னேன்.

மூன்றாவது வாரம் திருச்சியிலிருந்து ஊருக்குப் போகும் வழியில், மதுரை ரோட்டில், ஐம்பது வேகத்தைக்கூடத் தாண்டாமல் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜின் சத்தம் ஒரு மாதிரி இறுகியது. நான் கிளட்ச் பிடிப்பதற்குள் பின் சக்கரம் கிறீச்சென்று இழுத்தது. பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிட்டது. பின்னால் லாரி எதுவும் வராததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஷெட்காரர் போனை எடுக்கவே இல்லை. பாலக்கரைப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார், எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நாற்பது வருடமாகப் புல்லட் வேலை மட்டும். அவரிடம் கொண்டுபோனேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டனின் தலையைத் துணியால் துடைத்து, "இங்க வாங்க தம்பி, படிங்க" என்றார். கரிக்கு அடியில் 60 என்று பொறித்திருந்தது.

புல்லட் 350இன் போர், அதாவது பிளாக்கில் பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம், 70 மில்லிமீட்டர். தேய்ந்தால் லேத்தில் கொடுத்துக் கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடுவார்கள். 20, 40, 60 என்று போகும். அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு என்று கணக்கு. 60 முடிந்தால் பிளாக்கின் ஆயுள் கிட்டத்தட்ட முடிந்தது, அப்புறம் துளைக்குள் ஸ்லீவ் என்கிற புதுக் குழாயை இறக்க வேண்டியதுதான். பாய் கேட்டார், "அப்பா எத்தன தடவ போர் போட்டாரு?" எனக்குத் தெரியாது. அன்று ராத்திரியே ஊருக்குப் போய் அப்பாவின் டைரிகளை எடுத்துப் பார்த்தேன். பெட்ரோல், டயர், பல்பு எல்லாம் தேதி போட்டு எழுதியிருப்பார். 1993 டைரியில் இருந்தது: "புல்லட் பிளாக் போர், 20. லேத்தில் கொடுக்குமுன் அடித்தட்டு ஓரத்தில் இரண்டு புள்ளி குத்தினேன்."

அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். லேத் பட்டறையில் பிளாக்கை மாற்றிவிடுவார்களோ என்று அப்பா அன்றைக்கே சென்டர் பஞ்சால் அடையாளம் வைத்திருக்கிறார். டைரியும் அதே பீரோவில்தான் இருந்தது. நான் வண்டியை அனுப்பும்போது ஒரு போட்டோகூட இன்ஜினுக்குப் பக்கத்தில் வைத்து எடுக்கவில்லை.

மறுநாள் பாயும் நானும் டார்ச் அடித்து அடித்தட்டைச் சுற்றிப் பார்த்தோம். புள்ளி இல்லை. ஃபின்னில் பில்ட்-அப் செய்த தடமும் இல்லை. வார்ப்பிரும்பில் ஒட்டுப் போட்டால் அவருக்கு விரலிலேயே தெரிந்துவிடுமாம். வேறு யாரோ ஓட்டித் தேய்த்த, கடைசி சைஸுக்கு வந்துவிட்ட பிளாக்கை மாட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு தடவை போர் போடக்கூடிய அப்பாவின் பிளாக் அவர்களிடம் இருக்கிறது, இல்லை விற்றுவிட்டார்கள்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பாய்தான் விளக்கினார். இங்கிலாந்தில் ரெட்டிச்சில் இருந்த கம்பெனியோடு சேர்ந்து 1955இல் மெட்ராஸில் தொடங்கிய வண்டி இது. அங்கே மூடிய பிறகும் திருவொற்றியூரில் வந்துகொண்டே இருந்தது. ஆனால் இந்த வார்ப்பிரும்பு பிளாக் இன்ஜின், 2010 வாக்கில் கியர்பாக்ஸும் சேர்ந்த புது இன்ஜின் வந்ததோடு போய்விட்டது. ஆகவே நல்ல நிலையில் இருக்கிற பழைய பிளாக், கிராங்க்கேஸ், விளக்குக் கூடு எல்லாம் தங்கம் மாதிரி. சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கிடைத்தால் உடனே போய்விடுகிறது. உங்கள் வண்டியைப் பிரித்துப் போட்டால் பில்லில் ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை. கழற்றிய சாமானில்தான் லாபம்.

இது தெரிந்த பிறகு மற்றதையும் சோதித்தோம். டேங்கில் காந்தம் வைத்தால் வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டவே இல்லை. நெளிசலை எடுக்காமல் பட்டி பார்த்து மூடியிருக்கிறார்கள். தங்கக் கோடு ஸ்டிக்கர். பழைய டேங்கில் இருந்தது மெட்ராஸில் ஒருவர் தூரிகை பிடித்துக் கையால் இழுத்த கோடு. அதை உரசி எடுத்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். இதை நினைத்தால் பணத்தைவிட வயிறு எரிகிறது.

பிஸ்டன் ஏன் பிடித்தது என்றால், ஒன்று, லேத்தில் கடைந்த போரில் இடைவெளி போதவில்லை. இரண்டு, ஆயில் பம்ப்பில் ஆயிலைத் தள்ளும் பிளஞ்சர் தேய்ந்தது அப்படியே இருந்தது. புல்லட்டில் ஆயில் சுற்றுகிறதா என்று பார்ப்பது சுலபம். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹெட்டில் ராக்கருக்கு வரும் ஆயில் பைப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். எனக்கு வறண்டு கிடந்தது. வண்டியை எடுக்கும் அன்றே இரண்டு நிமிடத்தில் இதைப் பார்த்திருக்கலாம். பில்லில் "ஆயில் பம்ப் ஓவர்ஹால் 4,500" என்று போட்டிருக்கிறது.

இன்னொன்று. சேஸிஸுக்கு சாண்ட் பிளாஸ்டிங் செய்து பவுடர் கோட்டிங் போட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அப்பா பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்ற, படிவம் 31, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனால், பிரேக் இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பர் எங்கே என்றார். கோட்டிங்குக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து பென்சில் பிரிண்ட் எடுத்தால் வெறும் கறுப்பு. ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பெயின்ட் ரிமூவர் தடவி, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எழுத்துகளை வெளியே கொண்டுவந்தேன். நல்லவேளை, மணல் அடித்ததில் எழுத்து மழுங்கவில்லை. மழுங்கியிருந்தால் அந்த வண்டியை என் வண்டி என்று நிரூபிப்பதே பெரும்பாடாகியிருக்கும். கோட்டிங்குக்குக் கொடுக்குமுன் நம்பர் மேல் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். கொடுக்கும் முன்பே சேஸிஸ், இன்ஜின் இரண்டுக்கும் பென்சில் பிரிண்ட் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை மொத்தமாக யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் பிரிக்கத் தெரியாது. ஆனால் பிரிக்கும் அன்று கூட இருங்கள். பிளாக், ஹெட், கிராங்க்கேஸ், டேங்க், கார்புரேட்டர் ஒவ்வொன்றிலும் வெளியே தெரியாத இடத்தில் ஒரு புள்ளி குத்துங்கள். அதை வீடியோவில் தேதியோடு எடுங்கள். எந்தச் சாமானை மாற்றினாலும் பழையது, உடைந்ததாக இருந்தாலும், என் கைக்கு வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதற்கு முகம் சுளிக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். பாயிடம் நான் கேட்காமலேயே கழற்றிய வாஷர் வரை ஒரு அரிசிப் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

ஏமாந்துவிட்டவர்களுக்கும் ஒன்று. சும்மா விடாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. ஜாப் கார்டு இல்லாததால் எனக்குக் கஷ்டம்தான். ஆனால் வாட்ஸ்அப் செய்திகள், பணம் அனுப்பிய விவரம், "ஃபின் பில்ட்-அப் பண்ணிட்டோம்" என்று அவரே பிறகு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், அப்பாவின் 1993 டைரி எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் 1915 என்ற உதவி எண்ணில் கேளுங்கள்.

வண்டி இப்போது ஓடுகிறது. வேறொரு பிளாக் தேடிப் பிடித்துப் பாய்தான் ஓட வைத்தார். அம்மா இரண்டு தடவை ஏறி வந்தார். இறங்கும்போதெல்லாம் அந்த வலப்பக்கத்தை ஒரு பார்வை பார்க்கிறார், ஒன்றும் சொல்வதில்லை.

2023க்குப் பிறகு யாராவது பழைய புல்லட் 350 பிளாக் வாங்கியிருந்தால், தயவுசெய்து ஒரு தடவை பாருங்கள். வலப்பக்கம், மேலிருந்து மூன்றாவது ஃபின், ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு உடைந்திருக்கும். அடித்தட்டு ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி. 20 போர் போட்டது. நீங்கள் கொடுத்த விலைக்கு மேல் கொடுத்து, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.