‘தி டே ஆஃப்டர்’, ‘த்ரெட்ஸ்’: எதைப் பார்ப்பது?

இரண்டும் அணு ஆயுதப் போரில் சிக்கிய சாதாரண மக்களின் கதை, இரண்டும் டி.வி.க்காக எடுத்தவை. ‘தி டே ஆஃப்டர்’ 1983 நவம்பரில் அமெரிக்காவின் ஏபிசியில் வந்தது, கதை கான்சாஸில். ‘த்ரெட்ஸ்’ 1984 செப்டம்பரில் பிபிசியில் வந்தது, கதை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில்.

அமெரிக்கப் படத்தைச் சுமார் 10 கோடிப் பேர் பார்த்தார்கள். மனம் மிகவும் சோர்ந்துவிட்டதாக அதிபர் ரீகனே டைரியில் எழுதினார். படத்தில் ஒரு காட்சி: வெளியே போர் தொடங்கிவிட்டது, விவசாயியின் மனைவி மாடியில் படுக்கையைச் சரிசெய்துகொண்டே இருக்கிறாள். அவள் அலற அலறக் கணவன் தூக்கிக்கொண்டு கீழே ஓடுகிறான். குண்டுவெடிப்பைவிட அதுதான் என்னை உலுக்கியது. ஆனால் பிற்பாதி கொஞ்சம் தொய்வு. கதையும் சில வாரங்களோடு முடிந்துவிடுகிறது.

‘த்ரெட்ஸ்’ அங்கே நிற்பதில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் போகிறது. அணுக்குளிர்காலம் (குண்டுகள் கிளப்பிய புகை வெயிலை மறைப்பதால் வரும் கடுங்குளிர்), பொய்த்த விளைச்சல், பேச்சே குறைந்துபோன பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் செய்திப்படம் மாதிரி, உணர்ச்சியில்லாத குரலில் சொல்கிறது. அரசு சொன்னபடி கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, மெத்தை அடுக்கி ஒரு குடும்பம் ஒளிந்துகொள்கிறது. நகரை நடத்த வேண்டிய அதிகாரிகளோ டவுன் ஹாலுக்கு அடியில் இடிபாட்டில் மாட்டிக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுகிறார்கள். இது சினிமாதானே என்ற ஆறுதலே இல்லை.

என் ஓட்டு ‘த்ரெட்ஸ்’க்குத்தான். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்காதீர்கள். சாப்பிடும்போது வேண்டவே வேண்டாம்.