கால் புண்ணுக்கு மஞ்சளா, வல்லாரையா?

பெரியப்பாவுக்கு இருபது வருஷமாகச் சுகர். போன குறுவை நடவின்போது வரப்பில் கிடந்த நத்தை ஓடு குதிகாலைக் கிழித்துவிட்டது, காலில் உணர்ச்சி குறைந்துபோனதால் மூன்று நாள் கழித்துத்தான் கவனித்தார். பெரியம்மா மஞ்சளை இழைத்துக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டு அத்தை வாய்க்கால் கரையிலிருந்து ஒரு கை வல்லாரையோடு வந்துவிட்டார். "எதைடா வைக்கிறது, நீ படிச்சவன்தானே சொல்லு" என்றார் பெரியம்மா.

புண் ஆற வேண்டுமென்றால் அந்த இடத்தில் புது ரத்தக்குழாய் முளைக்க வேண்டும். அதற்கு உடம்பு பயன்படுத்தும் முக்கியமான புரதம் வி.இ.ஜி.எஃப். ஒரு மூலிகைப் பொருள் இந்த முளைப்பைத் தூண்டுகிறதா தடுக்கிறதா என்று பார்க்க, பிரசவத்துக்குப் பிறகு தொப்புள்கொடியின் ரத்தக்குழாயிலிருந்து செல்களை எடுத்து ஒரு ஜெல்லின் மேல் விடுவார்கள். சில மணி நேரத்தில் அவை நகர்ந்து, நீண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து மீன்வலை மாதிரி கண்ணி கண்ணியாகக் குழாய் கட்டும்.

அதில் மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருளை விட்டால் வலை அறுந்துபோகும். புற்றுநோய்க் கட்டி வளரப் புது ரத்தக்குழாய் வேண்டும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் சொன்னதிலிருந்து இப்படித் தடுக்கும் பொருள்கள்மேல் பெரிய ஆர்வம். அப்படியென்றால் புண்ணுக்கு மஞ்சள் கெடுதலா? அதுவும் இல்லை. 1998இல் எலிகளின் தோல் காயத்தில் குர்குமின் கொடுத்துப் பார்த்தபோது புது ரத்தக்குழாய்கள் கூடுதலாகவே வந்தன. செல்லில் ஒரு மாதிரி, காயத்தில் வேறு மாதிரி. இன்னொன்று, ஆய்வகத்தில் அந்தச் செல்கள்மேல் விடும் அளவு பெரும்பாலும் 10 மைக்ரோமோலாரும் (கரைசலில் பொருள் எவ்வளவு அடர்த்தி என்பதன் அளவு) அதற்கு மேலும். ஆனால் மனிதர்களுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் குர்குமின் கொடுத்தும் ரத்தத்தில் சராசரியாக 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. மஞ்சளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதனால் அந்த 8 கிராமுக்கே கால் கிலோவுக்கு மேல் மஞ்சள் வேண்டும். குழம்பில் போடுகிற மஞ்சளை நம்பி யாரும் கட்டி கரையும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

வல்லாரை எனக்கு இன்னும் சுவாரசியம். அதிலுள்ள ஏசியாட்டிகோசைடு, 1999இல் வந்த ஆய்வில் கோழிக்கரு சவ்வில் ரத்தக்குழாயைத் தூண்டியது, 0.2 சதவீதக் கரைசலாகத் தடவியபோது கினிப்பன்றியின் காயத்தில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தையும் கூட்டியது. சரி, வல்லாரைதான் ஜெயித்தது என்று முடிவு கட்டப் போனால், சாப்பிடும்போது கதை மாறலாம். அந்த மூலக்கூறில் ஒட்டியிருக்கும் சர்க்கரைப் பகுதி குடலில் கழன்று, அது ஏசியாட்டிக் அமிலமாகிறது. அந்த அமிலமோ, 2011இல் மனித செல்களில் பார்த்தபோது, வி.இ.ஜி.எஃப் தூண்டுவதைத் தடுத்தது! ஒரே கீரை, தடவினால் ஒன்று, தின்றால் வேறொன்றாக இருக்கலாம்.

சுகர்காரருக்கு இது வெறும் படிப்பு விஷயமில்லை. காலில் ரத்தக்குழாய் போதவில்லை. கண்ணின் விழித்திரையிலோ வேண்டாத குழாய்கள் முளைத்துப் பார்வையைக் கெடுக்கும், அதைத் தடுக்கக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். பெரியப்பாவுக்கு இரண்டும் உண்டு. "ரத்தக்குழாயை வளர்க்கும்" என்று விற்கிற மாத்திரையை அவருக்கு எந்த தைரியத்தில் வாங்கிக் கொடுப்பது?

தடவுவதற்கு மட்டும் கேட்டால், சுத்தமாகத் தயாரித்த மருந்தாக இருந்தால் நான் வல்லாரைப் பக்கம். வாய்க்கால் சேற்றோடு பறித்த இலையைத் திறந்த புண்ணில் வைக்கவே கூடாது, இழைத்த மஞ்சளையும் அப்படித்தான். குர்குமின் மாத்திரை இன்னும் கவனம்: சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது.

அன்று மதியமே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அழுகின சதையைச் சுரண்டி, கட்டுப் போட்டு, குதிகாலை ஊன்றவே கூடாது என்றார்கள். அத்தை கொண்டுவந்த வல்லாரையைப் பெரியம்மா ராத்திரி துவையலாக அரைத்தார், புளி கொஞ்சம் தூக்கலாக.