அஞ்சு கார்டில் மூணு: ஹெச்எஸ்எம்மோடு நாலு வருஷம் குப்பை கொட்டிய கதை

பேமென்ட் கம்பெனியில் இருக்கும் நண்பன் கேட்டான்: "உங்க ஆபீஸ் ஹெச்எஸ்எம் எப்படிடா? வாங்கலாமா?" ஹெச்எஸ்எம் என்றால் டேட்டாவைப் பூட்டும் ரகசிய டிஜிட்டல் சாவிகளைத் தனக்குள் பத்திரமாக வைத்திருக்கும் மெஷின். கேட்ட நேரம் சரியில்லை. முந்தின ராத்திரி முழுக்க அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

மெஷினைச் செய்த கம்பெனி பேர் வேண்டாம். ரேக்கை இடம் மாற்ற பவரை எடுத்தோம். உள்ளே பேட்டரி ஏற்கெனவே செத்திருந்தது. இரண்டுமே இல்லையென்றால் யாரோ கைவைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு சாவிகளையெல்லாம் அதுவே அழித்துவிடும். அழிக்கத்தான் வேண்டும், அதற்குத்தான் காசு கொடுத்தோம். பேட்டரி எச்சரிக்கை இரண்டு மாதமாக லாகில் வந்திருக்கிறது, பார்க்காதது எங்கள் தப்பு. ஆனால் அதை 'தகவல்' என்று வகைப்படுத்திய புண்ணியவான் யார்?

நல்லவேளை, அது டிஆர் மெஷின், மெயின் மெஷின் படுத்தால் கைகொடுக்க வைத்திருக்கும் மாற்று. வியாபாரம் நிற்கவில்லை.

சாவிகளைத் திரும்ப ஏற்ற பேக்கப்பைத் திறக்கணும். அதற்கு அஞ்சு பேரிடம் ஆளுக்கு ஒன்றாக இருக்கும் அஞ்சு கார்டில் மூணு, அவரவர் பின் நம்பரோடு வேண்டும். ஒருத்தர் வேலையை விட்டுப் போய்விட்டார். கார்டு லாக்கரில் இருக்கிறது, பின் நம்பர் அவர் தலைக்குள் இருக்கிறது. அவருக்குப் பதில் ஆள் போட அஞ்சு கார்டையும் புதுசாக எழுதணும் என்பதால் தள்ளிப்போட்டிருந்தோம். இன்னொருத்தர் மச்சினி கல்யாணத்துக்குத் தென்காசி போயிருந்தார். மீதி மூணு பேரும் வந்து சேர ராத்திரி பதினொன்று.

அப்புறம் பின் நம்பரை அழுத்தும் அந்த பின் பேட். 7-ஐ அழுத்தினால் ஒரு தடவை பதியாது, அடுத்த தடவை இரண்டாகப் பதியும். மூணாவது ஆள் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நேரம் முடிந்து, மறுபடி முதல் கார்டிலிருந்து. பத்துத் தடவை தப்பினால் கார்டு காலி. எட்டு வரை போனோம். நாலு வருஷமாக டிக்கெட் போடுகிறேன், 'மெல்லிய துணியால் துடைக்கவும்' என்றுதான் பதில்.

இதையும் சொல்லணும். முன்பு எங்கள் சாவிகள் கான்ஃபிக் ஃபைலில் கிடந்தன, பீரோ சாவியை பீரோ மேலேயே வைத்த மாதிரி. இப்போது டேட்டாவைப் பூட்டும் சின்னச் சாவிகளை, ஹெச்எஸ்எம்முக்குள் இருக்கும் மாஸ்டர் சாவி பூட்டி வைத்திருக்கிறது. வருஷாவருஷம் மாஸ்டரை மாற்றும்போது டேட்டாவைத் தொடவே வேண்டாம், அந்தச் சின்னச் சாவிகளை மட்டும் திரும்பப் பூட்டினால் போதும். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். முதல் தடவை நம்பாமல் மூணு தடவை சரிபார்த்தேன்.

நண்பனுக்கு "வாங்காதே" என்று அனுப்பினேன். நேற்று அதே கம்பெனியில் இன்னொரு மெஷினுக்கு நானே கையெழுத்துப் போட்டேன். எங்களுடையது ஃபிப்ஸ் 140-2 (இந்த மாதிரி மெஷின்களுக்கான அமெரிக்க அரசின் பாதுகாப்புத் தரம்), அந்தச் சான்றுகள் 2026 செப்டம்பர் 21-க்குப் பிறகு பழைய பட்டியலுக்குப் போய்விடும். நண்பா, வாங்கியே தீருவேன் என்றால் அடுத்த பதிப்பான 140-3 சான்று கேளடா. டெமோவில் 7-ஐ நாலு தடவை அழுத்திப் பார்.